முழங்கால் இடிக்கும் அறைகள்

உப்பளங்களில் முதல் உப்பு வாரல் முடிந்த சித்திரை மாதத்தில், உப்பத்தூர் பெண்கள் கல்லூரியின் வேதியியல் கூடத்துக்குப் பின்னால், கை கழுவுகிற தொட்டியின் தண்ணீர் போய்ச் சேருகிற கட்டாந்தரையில், கடுகு அளவில் ஒரு வெள்ளைப் படிகம் முளைத்தது. அது மறுநாள் தேங்காய் அளவுக்கும், அந்த வாரக் கடைசியில் மாட்டுவண்டி அளவுக்கும் வளர்ந்து, மாதம் முடிவதற்குள் மூன்று மாடி உயரத்துக்கு, ஆயிரக்கணக்கான சிற்றறைகளோடு, கல்லூரிச் சுவருக்கும் மீன் சந்தைக்கும் நடுவே நின்றது. அதைக் கண்டு யாரும் ஓடவில்லை. வெயில் காலத்தில் வெள்ளையாக விளைகிற ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. நகராட்சி ஆள் வந்து சுற்றிப் பார்த்து, தண்ணீர் இணைப்பு இல்லை என்று குறித்துக்கொண்டு, சுவரில் கதவு எண்ணை எழுதிவிட்டுப் போனார்.

அது இன்னதென்று தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற சங்கரவடிவு. துத்தநாகத்தை மூலைக்கல்லாகவும் ஒரு கரிம அமிலத்தைக் குறுக்குக் கட்டையாகவும் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அறைகளை அடுக்கடுக்காகக் கட்டுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அப்படிக் கட்டிய தூளில் ஒரு டீஸ்பூன் எடுத்து, அதன் உட்சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் கல்லூரி மைதானத்தில் பாதியை மூடிவிடலாம் என்று வகுப்பில் சொல்லுவாள், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கோடை விடுமுறைக்கு முன்னால், சரியாக வரவில்லை என்று ஒரு புட்டியைக் கழுவித் தொட்டியில் ஊற்றியது அவளுக்கு நினைவிருந்தது. சரியாக வராததுதான் வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, படிகத்தின் சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

உள்ளே முதலில் போனவள் மீன்காரி லூர்தம்மாள். வெயில் தாங்காமல், சீலா மீன் கூடையோடு, கீழ்வரிசையில் ஒரு வாசலில் உடம்பை ஒருக்களித்து நுழைந்தாள். ஒவ்வொரு அறையும் ஒரே அளவு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்காலும் முழங்காலும் இடிக்கும், அதற்கு மேல் ஒரு சாண் இடம் கிடையாது. சாயங்காலம் விற்காத இரண்டு மீனை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது மீனின் செவுள் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்தது போலச் சிவந்திருந்தது. அதிலிருந்து மீன்காரிகளுக்குக் கீழ்வரிசை என்று ஆயிற்று. இரண்டாம் வரிசை அறைகளில் இட்லி மாவு பத்தே நிமிஷத்தில் பொங்கி வழிந்தது. ஆகவே காலையில் மாவாட்டியவர்கள் தூக்குவாளிகளோடு அங்கே ஏறினார்கள். வடக்கு மூலையில் ஓர் அறையில் பாலுக்கு எவ்வளவு உறை ஊற்றினாலும் தயிராகவில்லை. இரும்புச் சாவி துருப்பிடிக்கவில்லை. எந்த அறையில் எது நடக்கும், எது நடக்காது என்று பெண்கள் வாசலில் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு வைத்தார்கள். ஒரே மாதத்தில் ஊர் அதைப் பாடமாக்கிக்கொண்டது.

பிறகுதான் மனிதர்கள் விஷயம் தெரிய வந்தது. லூர்தம்மாளுக்கும் ஐஸ்கட்டி விற்கிற முத்துமாலைக்கும் சந்தையில் வேப்பமர நிழல் யாருக்கு என்று ஆறு வருஷச் சண்டை. ஒரு நாள் மத்தியான வெயிலுக்கு இருவரும் தெரியாமல் ஒரே அறையின் இரண்டு வாசல்களில் நுழைந்து எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, காலையில் நிழல் அவளுக்கு, மதியத்துக்கு மேல் அவனுக்கு என்று முடிந்திருந்தது. எப்படி முடிந்தது என்று இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

லூர்தம்மாள் கல்லூரி வாசலில் சங்கரவடிவை நிறுத்திக் கேட்டாள்.

“டீச்சர், நீங்க படிச்சவுக. அந்த ரூம்புக்குள்ள என்ன இருக்கு? மருந்தா?”

“ஒண்ணுமில்ல. காலி இடம்தான்.”

“காலி இடமா அவனைப் பேச வச்சிச்சு?”

வடிவு இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்துக் காட்டினாள். “வெளிய ரெண்டு பேரு எப்படி வேணாலும் மோதலாம். தோளோட தோளு இடிக்கலாம், முதுகைக் காட்டலாம், விலகிப் போயிரலாம். ஆயிரம் தடவை மோதினாலும் பிரயோசனமா ஒரு தடவைதான் மோதுவாங்க. உள்ள அப்படியில்ல. ஒரே ஒரு மாதிரிதான் உக்கார முடியும். முகத்துக்கு நேரா முகம். பாதியில எந்திரிச்சுப் போகவும் முடியாது. அதனால வெளிய பாதியில உடைஞ்சு போற பேச்சு, உள்ள முடியற வரைக்கும் நிக்கும்.”

“அப்ப ரூம்புதான் காரணம்.”

“ரூம்பு எதையும் சேர்க்காது, அக்கா. இருக்கிறதைத் திருப்பி உக்கார வைக்கும். அவ்வளவுதான்.”

அவ்வளவு போதுமாக இருந்தது ஊருக்கு. ஆனி மாதத்திலேயே வரிசை சந்தைக்கு வெளியே வரை நீண்டது. வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலையை லூர்தம்மாள் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஜோடியாக வந்தால்தான் விடுவாள், தனியாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். நாத்தனாரும் மதினியும் வந்தார்கள், வரப்புத் தகராறுக்காரர்கள் வந்தார்கள், பேச்சு நின்றுபோன கணவனும் மனைவியும் அவரவர் அம்மாவோடு வந்து, அம்மாக்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். வாசலின் அளவுக்கு மேற்பட்ட எதுவும் உள்ளே நுழையாது என்பதையும் ஊர் கற்றுக்கொண்டது. வார்டு கவுன்சிலர் தம் சகலையோடு பேச வந்தபோது, தயார் செய்து கொண்டுவந்திருந்த நீளமான நியாயங்கள் வாசலில் சிக்கிக்கொண்டன. அவர் மட்டும் உள்ளே போனார். நியாயங்கள் வெளியே கிடந்து வெயிலில் காய்ந்தன. திரும்பி வந்தவர் அவற்றைக் குனிந்து பார்த்துவிட்டு எடுக்காமலே போனார்.

வாசலின் இன்னொரு குணம் பின்னால்தான் புரிந்தது. உள்ளே உண்டாகிற எல்லாமும் வெளியே வர முடியாது. வேப்பமர நிழல் மாதிரிச் சின்னச் சமாதானங்கள் சுலபமாக வந்துவிட்டன. ஆனால் இருபது வருஷம், முப்பது வருஷம் பகையாகக் கிடந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து பேசி அழுது ஆக்கிக்கொண்ட பெரிய விஷயங்கள் அந்த வாசலைவிடப் பெரியவையாக இருந்தன. அவர்கள் வெளியே காலை வைத்ததும் அவை உள்ளேயே தங்கிவிட்டன. என்ன பேசினோம் என்பது ஒரு சொல்கூட ஞாபகம் இருக்காது. பழைய பகை வெளியே காத்துக்கொண்டு நின்று கூடவே வீட்டுக்கு வரும். உள்ளே என்னமோ நன்றாக இருந்தது என்பது மட்டும் உள்ளங்கைச் சூடு மாதிரிக் கொஞ்ச நேரம் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் மறுநாளும் வந்து வரிசையில் நின்றார்கள். சிலர் பாயும் தலையணையும் கொண்டுவந்து உள்ளேயே குடியிருக்கப் பார்த்தார்கள், லூர்தம்மாள் விடவில்லை.

வடிவு மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. கல்லூரியிலிருந்து சந்தையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆவணியில் ஒரு நாள் லூர்தம்மாள் அவளைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கே வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது. உங்க அண்ணாச்சி ஒம்பது நாளா வரிசையில வந்து நிக்காரு. தனியாத்தான் நிக்காரு. வாசல் வரைக்கும் வருவாரு. ஜோடி எங்கன்னு கேட்டா, இல்லம்பாரு. திரும்பிப் போயிருவாரு. மறுநா காலையில முதல் ஆளா நிப்பாரு.”

வடிவு கையிலிருந்த குடுவையைக் கழுவி முடித்தாள். இன்னொரு தடவை கழுவினாள்.

அவளுடைய அண்ணன் வேலாயுதம் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். வடிவின் கணவன் செல்லையாவும் அங்கேதான் வேலை பார்த்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய செல்லையா உள்ளே தேங்கியிருந்த வாயுவில் மூச்சடைத்து இறந்தான். தொட்டியில் ஆள் இறங்க வேண்டுமென்றால் மூடியைத் திறந்து, காற்று அடித்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, வாயு அளந்து, பிறகுதான் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வேலாயுதத்துடையது. முக்கால் மணி நேரம் காத்திருக்கவில்லை. விசாரணையில் அவர், “நான்தான் போட்டேன்” என்ற ஒரு சொல்லுக்கு மேல் சொல்லவில்லை. வேலை போயிற்று. ஒரே தெருவில், ஒரே சுவரைப் பங்கு போட்ட இரண்டு வீடுகளில், அண்ணனும் தங்கையும் பதினொரு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். அவ்வளவுதான் தொடர்பு.

பத்தாவது நாள் வடிவு வரிசையில் போய் அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்துக்கொண்டார். லூர்தம்மாள் இரண்டு பேரையும் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள்.

பதினொரு வருஷமாக வடிவு மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்விகள் வாசலிலேயே நின்றுகொண்டன. உள்ளே போய் உட்கார்ந்தபோது அவளிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. முழங்காலில் அண்ணனுடைய முழங்கால் இடித்தது. அவர் மெலிந்திருந்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தாள். காது குத்தும்போது அவர்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நாலு மணிக்கு உனக்கு வைவா” என்றார் வேலாயுதம். “ஞாபகம் இருக்கா?”

அது அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து பெரிய பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். “இருக்கு” என்றாள்.

“நீ காலையில மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினே. வராம இருந்திராதீங்க, நீங்க வந்து உக்காந்தாத்தான் எனக்கு வாய் வரும்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“தொட்டி வேலைய முடிச்சாத்தான் வெளிய விடுவாங்க. மச்சான், காத்துக்கிட்டு இருந்தா நாலு மணிக்குப் போய்ச் சேர முடியாது, சீட்டைப் போட்டுக் குடுங்கன்னாரு. மூணு தடவை கேட்டாரு. நான் போட்டேன்.” அவர் தம்முடைய வலது கையைப் பார்த்தார். “போட்டது என் கைதான். அதை வேற யார் மேலயும் சாத்தல. ஏன் போட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா உன் காதுக்கு வந்துரும்.”

வெளியே கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவள் விழுந்திருப்பாள். அறைக்குள் விழ இடமில்லை. முன்னால் சாய்ந்தால் அண்ணன், பின்னால் சாய்ந்தால் சுவர். ஓடவும், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும், கையில் அகப்பட்டதை எடுத்து வீசவும் முடியாமல், அந்தச் செய்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மட்டுமே முடிந்தது. உட்கார்ந்திருக்க இருக்க, அது அவளை உடைக்காமல் அவளுக்குள் மெல்ல இறங்கியது. அவள் தன்னைத்தானே வெறுத்துவிடாமல் காப்பதற்காக அண்ணன் அவளுடைய வெறுப்பை வாங்கிக்கொண்டார் என்பதும், அதை அவள் பதினொரு வருஷம் தாராளமாகக் கொடுத்தாள் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவள் அழுதாள். அவரும் அழுதார். அவர்களுக்கு நடுவே உண்டானது அந்த அறையை மூலை முடுக்கு விடாமல் நிறைத்தது. அவள் அண்ணனுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே இருவரும் ஒருக்களித்து வெளியே வந்தார்கள்.

வெளியே வந்ததும் ஒன்றுமில்லை. சந்தைச் சத்தம் கேட்டது. எதிரே கையெழுத்துப் போட்டவர் நின்றார். அவர் கை தன் கைகளுக்குள் இருப்பதைப் பார்த்து வடிவு திடுக்கிட்டு விட்டுவிட்டாள். இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரங்களில் வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் நாலு தடவை உள்ளே போனார்கள். நாலு தடவையும் அப்படியேதான் ஆயிற்று. உள்ளே என்ன கேட்டாள், என்ன சொன்னாள் என்று தெரியாது, கை மட்டும் கையில் இருக்கும்.

ஐப்பசி நெருங்கியது. படிகம் ஈரத்தில் நிற்காது என்பது வடிவுக்குத் தெரியும். புட்டிக்குள் இருக்கும் தூளே மழைநாளில் மூடி சரியில்லாவிட்டால் குழைந்துவிடும். அவள் நகராட்சிக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் உப்பு அம்பாரங்களுக்குப் போடுகிற பெரிய தார்ப்பாய்களைக் கொண்டுவந்து மேலிருந்து கீழ்வரை போர்த்திக் கயிறு கட்டினார்கள். ஊர் நிம்மதியாக மாவைத் தூக்கிக்கொண்டு ஏறியது.

கட்டி முடித்த மறுநாள் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது வடிவு பாதியில் நின்றாள். அறைக்குள்ளே செய்த பொருள் வாசலைவிடப் பெரிதாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அவள் வருஷா வருஷம் சொல்லுகிற பதிலையே சொன்னாள். “சுவரைக் கரைச்சிரணும்.” சொல்லிவிட்டுத்தான் தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்தது.

சாயங்காலம் நகராட்சிக் கூடத்தில் ஊரைக் கூட்டி, மழையில் சுவர் கரைந்தால் உள்ளே தங்கியதெல்லாம் வெளியே வந்துவிடும், தார்ப்பாயை எடுத்துவிடலாம் என்று சொன்னாள். மாவுக்காரர்கள் பேசினார்கள், மீன்காரர்கள் பேசினார்கள், கவுன்சிலர் பேசினார். வேலாயுதம் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். பதினொரு வருஷத்தில் வெட்டவெளியில் முதல் தடவையாகத் தங்கையிடம் பேசினார்.

“வேண்டாம், வடிவு. உள்ள கிடக்கிறது உள்ளயே கிடக்கட்டும்.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா அண்ணே, என்ன சொன்னீங்கன்னு?”

“இல்ல. ஆனா எங்கிட்ட சொல்லுறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதைத்தான் சொல்லியிருப்பேன். நீ தாங்க மாட்டே.”

வடிவு அவரைப் பார்த்தாள். “அது என்னன்னு எனக்குத் தெரியாது. அஞ்சு தடவை கேட்டிருக்கேன். அஞ்சு தடவையும் கேட்டு முடிச்சு வெளிய வந்தப்போ உங்க கை என் கையில இருந்துச்சு. அப்போ தாங்கியிருக்கேன்தானே?”

வேலாயுதம் தம்முடைய வலது கையைக் குனிந்து பார்த்தார். கூட்டத்தில் பலரும் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“மாவு வீட்டுலயே ராத்திரி முழுக்கப் புளிக்கட்டும்” என்றாள். “எனக்கும் என் மூத்த மகளுக்கும் அங்க ஒண்ணு கிடக்கு. என்னதுன்னு தெரியல. எனக்கு அது வேணும்.”

மறுநாள் ஆண்கள் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்கும் நாலாம் நாள், காலை பதினோரு மணிக்குக் கிழக்கே கடல் கறுத்து மழை வந்தது.

முதலில் மூலைகள் மழுங்கின. பிறகு மேல்வரிசை அறைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்தன. பால் போன்ற தண்ணீர் சந்தை வழியாகவும் கல்லூரிச் சுவரோரமாகவும் ஓடி உப்பளத்து வாய்க்காலில் சேர்ந்தது. அறை ஒவ்வொன்றும் கரையக் கரைய, அதனுள்ளே கிடந்தது தன் இரண்டு பேரையும் தேடிப் போய்ச் சேர்ந்தது. மளிகைக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பேருந்தில் ஏறிய ஒருத்தி இறங்கி எதிர்ப்பக்கப் பேருந்துக்கு நின்றாள். லூர்தம்மாள் கூடையைத் தரையில் வைத்தாள். நனைந்துகொண்டே மகள் வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. பழைய கூட்டாளிகள் இரண்டு பேர், உள்ளே கட்டிப்பிடித்து அழுதவர்கள், இப்போது கை வீச இடமிருந்ததால் ஒருவரை ஒருவர் இரண்டு அடி அடித்தார்கள். அடித்துவிட்டு, சேர்ந்தே டீக்கடைக்குப் போனார்கள். ஒரு கணவனும் மனைவியும் உள்ளே கண்டுகொண்டது பிரிந்துவிடலாம் என்பதைத்தான். அதை இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

வடிவும் வேலாயுதமும் கல்லூரிச் சுவரோரம் ஒரு குடைக்குக் கீழே நின்றிருந்தார்கள். அவர்களுடையது கீழ்வரிசையில் இருந்ததால் வருவதற்குப் பன்னிரண்டரை மணியாயிற்று. வந்தபோது முழுதாக வந்தது. வைவா, போன், மூன்று தடவை கேட்டது, முக்கால் மணி நேரம். இங்கே முட்டுக்கொடுக்கச் சுவர் கிடையாது, விழுவதற்கு ஊரளவு இடம் இருந்தது. வடிவு வெள்ளைச் சேற்றில் விழுந்தாள். வேலாயுதம் தூக்கப் பார்த்தார், முடியாமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். குடை உருண்டு போயிற்று. அவள் கத்தினாள். தரையை அடித்தாள். அவரைப் பார்த்து, “நீங்க ஏன் போட்டீங்க? நான் ஏன் கூப்பிட்டேன்?” என்று மாறி மாறிக் கேட்டாள். ஒரு தடவை எழுந்து பத்தடி தூரம் போனாள், திரும்பி வந்தாள். இதெல்லாம் உள்ளே செய்ய முடியாதவை. அவர் எங்கேயும் போகாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மழை இன்னும் ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்தபோது அவள் அவருக்கு எதிரே, முழங்கால் தொடாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நான் போன் பண்ணினப்போ நீங்க அவரு பக்கத்துல இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

“இருந்தேன்.”

“போனை வச்சிட்டு என்ன சொன்னாரு?”

வேலாயுதம் முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“சிரிச்சாரு. மச்சான், சாயங்காலத்துக்கு மேல உங்க தங்கச்சியை ஊரெல்லாம் டாக்டரம்மாம்பாங்க. அதுக்கு முன்ன போயி, கடைசியா ஒருக்க வெறும் வடிவுன்னு கூப்பிட்டுக்கிடணும்னாரு.”

வாய்க்காலில் கடைசி வெள்ளையும் போய்த் தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது. கல்லூரியில் மத்தியான மணி அடித்தது, அவள் போகவில்லை.

“வேற?” என்றாள்.

“வேற நெறைய சொன்னாரு” என்றார் அண்ணன். சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார்.